உரத்துப் பேசுவோர் பட்டியல்

சித்திரை, வைகாசி மாதங்களில் முன்னிரவில் கன்னி ராசி தலைக்கு மேலே வந்து நிற்கும். உத்திரம் என்று பஞ்சாங்கம் சொல்லும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, அதற்குக் கிழக்கே பார்வையைச் செலுத்துங்கள். வெறுங்கண்ணுக்கு அங்கே எதுவும் புலப்படாது. மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்று கிடைத்தால், நிலவில்லாத இரவில் பஞ்சுத் துணுக்குகளைப் போன்ற மங்கலான திட்டுகள் சில தெரியும். அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்று எம் 87. அதற்கு நாலு பாகைக்குச் சற்று அதிகமாகத் தெற்கே எம் 49. கிழக்கே மூன்று பாகை தள்ளி எம் 60.

மூன்றும் நீள்வட்ட வடிவமுள்ள விண்மீன் மண்டலங்கள். மூன்றும் நம்மிடமிருந்து ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ளவை. ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. கண்ணுக்குச் சற்றே கூடுதலாகப் பிரகாசிப்பது எம் 49. பிரெஞ்சு வானியலார் மெஸ்ஸியே இக்கூட்டத்தில் முதன்முதலாக, 1771ஆம் ஆண்டில், கண்டதும் அதைத்தான். எம் 87 அவர் கண்ணில் பட்டது பத்து ஆண்டு கழித்து.

இனி இம்மூன்றையும் ரேடியோ தொலைநோக்கி கொண்டு பாருங்கள். 1400 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் எம் 87 இருநூறு ஜான்ஸ்கிக்கும் மேலான வலுவுடன் ஒலிக்கிறது. எம் 49 தருவது கால் ஜான்ஸ்கிக்கும் குறைவு. எம் 60 தருவதோ சுமார் 0.03 ஜான்ஸ்கி. (வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளை முதலில் கண்டறிந்த கார்ல் ஜான்ஸ்கியின் பெயரால் வழங்கும் அலகு இது. மிக நுண்ணியது. ஒரு சதுர மீட்டரில், ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் விழும் ஆற்றலை வாட்டில் எழுதினால், புள்ளிக்குப் பின் இருபத்தைந்து பூஜ்யங்களைப் போட்டு அப்புறம் ஒன்று போடவேண்டும்.) ஒரே ஊரில், ஒரே தெருவில், ஒத்த உருவத்தில் இருக்கும் மூவரில் ஒருவர் மற்றவரைப் போல் ஆயிரம் மடங்கும், ஏழாயிரம் மடங்கும் உரக்கப் பேசுகிறார்!

இந்த மூவரில் யாரைப் பற்றி நீங்கள் படித்திருக்கிறீர்கள்? ஐயமில்லாமல் எம் 87ஐப் பற்றித்தான். 1918ஆம் ஆண்டில் லிக் வானாய்வகத்தில் ஹீபர் கர்ட்டிஸ் அதன் நடுவிலிருந்து நேர்கோடாகக் கிளம்பும் விசித்திரமான ஒளிக்கீற்றைக் கண்டதும், 2019ஆம் ஆண்டில் அதன் மையக் கருந்துளையின் நிழல் படமாக்கப்பட்டதும் பல பத்திரிகைகளில் வந்துவிட்டன. ரேடியோ மண்டலங்களைப் பற்றி நம் மொழியில் வரும் கட்டுரைகள், நான் படித்த வரையில், மூன்று பெயர்களை விட்டு நகர்வதில்லை: சிக்னஸ் ஏ, சென்டாரஸ் ஏ, எம் 87. மற்ற நீள்வட்ட மண்டலங்களுக்கு ‘அமைதியானவை’, ‘ஓய்ந்துபோனவை’ என்று ஒரு வாக்கியம் கிடைக்கும். அந்த ஒரு வாக்கியம் தவறு என்பதே என் வாதம். ஆனால் தவறு நம் கட்டுரையாளர்களிடம் தொடங்கவில்லை. அது ஒரு பட்டியலில் தொடங்கியது. ஆகவே இந்த விமரிசனம் முதலில் அந்தப் பட்டியலைப் பற்றியது.

1959ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ரைலின் குழுவினர் வெளியிட்ட மூன்றாம் கேம்பிரிட்ஜ் பட்டியல்தான் அது. 159 மெகாஹெர்ட்ஸில் வானத்தைத் துழாவி 471 ரேடியோ மூலங்களைக் குறித்தார்கள். 1962இல் 178 மெகாஹெர்ட்ஸில் அதைத் திருத்தி, இன்றைய அலகில் சொன்னால் 9 ஜான்ஸ்கிக்குக் குறைந்ததை ஏற்பதில்லை என்று வரம்பு கட்டினார்கள். அந்தக் காலத்துக் கருவிகளுக்கு அது கடுமையான வேலை. அதை நேர்மையாகச் செய்தார்கள். வரம்பு இன்னது என்று அச்சிலேயே சொன்னார்கள். குவாசர்கள் பிடிபட்டது இந்தப் பட்டியலின் 48ஆம், 273ஆம் எண்களைத் துருவிப் பார்த்ததால்தான். பட்டியலைப் பழிப்பது என் நோக்கமன்று. அதை மக்கள்தொகைக் கணக்கு என்று எடுத்துக்கொண்டவர்களோடுதான் என் சண்டை.

ஒரு பேரூரின் நிலையை அறிய விரும்பும் ஒருவர், ஊருக்குள் போகாமல் ஐந்து மைல் தள்ளி வயல் வரப்பில் நின்று காது கொடுத்துக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் காதில் விழுவது கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கியும் ஆலைச் சங்கும்தான். “இவ்வூரில் வசிப்பவை ஒலிபெருக்கிகளும் சங்குகளும்” என்று எழுதி வைத்துவிட்டு அவர் திரும்பினால் நாம் சிரிப்போம். வரம்பு கட்டிய எந்தப் பட்டியலும் வரப்பில் நின்று கேட்ட பட்டியல்தான்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். சிக்னஸ் ஏ நம்மிடமிருந்து சுமார் 75 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. எம் 87ஐப் போல் பதினான்கு மடங்கு தூரம். அப்படியிருந்தும் நமக்கு வரும் ரேடியோ வலுவில் அது எம் 87ஐ ஏழு மடங்குக்கு மேல் மிஞ்சுகிறது. தொலைவின் வர்க்கத்தால் பெருக்கினால், உள்ளபடி அது ஆயிரம் மடங்குக்கும் மேல் உரத்தது. எம் 60உடன் ஒப்பிட்டால் ஒரு கோடி மடங்கு. ஒரு கோடி மடங்கு உரத்த மூலத்தை மூவாயிரம் மடங்கு தொலைவிலிருந்தும் அதே வலுவோடு கேட்கலாம். மூவாயிரத்தின் கனம் எவ்வளவு? பிரபஞ்ச விரிவு போன்ற நுட்பங்களை மறந்துவிட்டுச் சொன்னால், எம் 60 போன்ற ஒன்றைத் தேடக் கிடைக்கும் இடப்பரப்பைவிட, சிக்னஸ் ஏ போன்ற ஒன்றைத் தேடக் கிடைக்கும் பரப்பு ஏறத்தாழ மூவாயிரம் கோடி மடங்கு பெரியது. எனவே சிக்னஸ் ஏ போன்றவை பிரபஞ்சத்தில் எவ்வளவு அபூர்வமானவையாக இருந்தாலும் பட்டியலின் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்ளும். எம் 60 போன்றவை எவ்வளவு மலிந்திருந்தாலும் பட்டியலின் வாசற்படியை மிதிக்கா. கன்னி ராசிக் கூட்டத்தின் பெரிய நீள்வட்ட மண்டலங்களில் எம் 87க்கும் எம் 84க்கும் மூன்றாம் பட்டியலில் எண் உண்டு. எம் 49க்கும் எம் 60க்கும் இல்லை.

சிக்னஸ் ஏயின் உருவம் இரட்டை என்பதை 1953இல் ஜோட்ரல் பாங்கில் கண்டவர்கள் ஜெனிசனும், கல்கத்தாவிலிருந்து சென்றிருந்த மிருணாள் குமார் தாஸ்குப்தாவும். ஒளியில் தெரியும் மண்டலத்துக்கு வெளியே, அதன் இருபுறமும், இரண்டு ரேடியோ மடல்கள். ரேடியோ மண்டலம் என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம் அன்று உருவானது: நடுவே மண்டலம், இருபுறமும் மிகப் பெரிய மடல்கள், மடல்களின் கோடியில் பளிச்சிடும் பொட்டுகள். ஒலிபெருக்கியைப் பார்த்து மனிதனின் உருவத்தை வரைந்த கதைதான்.

1974இல் ஃபனாராஃப், ரைலி என்ற இருவர் இந்தப் பட்டியலிலிருந்து 57 மூலங்களை எடுத்து இரண்டு வகையாகப் பிரித்தார்கள். பிரகாசம் உள்ளே மிகுந்து வெளியே மங்குபவை முதல் வகை. கோடியில் பிரகாசம் மிகுந்தவை இரண்டாம் வகை. முதல் வகை வலுக் குறைந்தது, இரண்டாம் வகை வலு மிகுந்தது. சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரை ஐம்பது ஆண்டுகளாகப் பாடப்புத்தகங்களில் நிற்கிறது. (ஃபனாராஃப் பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவின் மாபெரும் ரேடியோ தொலைநோக்கித் திட்டத்துக்குத் தலைமை தாங்கினார்.) அந்தப் பிரிவு உண்மையானது, இன்றும் பயன்படுகிறது. ஆனால் ‘வலுக் குறைந்தது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 9 ஜான்ஸ்கி வாசலைத் தாண்டி உள்ளே வந்தவற்றுள் குறைந்தது என்றே அதற்குப் பொருள். பணக்காரர் சங்கத்தில் ஏழை என்பது போல. எம் 49 அந்த இரு வகைகளுக்கும் இடைப்பட்ட எல்லைக் கோட்டுக்கு ஆயிரம் மடங்கு அளவுக்குக் கீழே இருக்கிறது. எம் 60 அதற்கும் கீழே.

நுண்ணிய கருவிகள் வந்தபின் அருகிலுள்ள மண்டலங்களை எண்ணிப் பார்த்தார்கள். மிகுதியாக இருப்பவை இவ்விரு வகைகளிலும் சேராதவை என்று தெரிந்தது. பதினாறாயிரம் ஒளியாண்டுக்கு உட்பட்ட சிறு ரேடியோ உருவம், மடல் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. இவற்றுள் 108ஐத் தொகுத்து 2018இல் ஒரு பட்டியல் வந்தது. இவற்றுக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? பூஜ்ய வகை! முதல், இரண்டாம் எண்கள் ஏற்கெனவே போய்விட்டனவாம். எண்ணிக்கையில் முதலிடம் வகிப்பவர்களுக்குப் பூஜ்யம் என்று பெயர் வைத்த விந்தை வானியலில்தான் நடக்கும்.

பட்டியலை அடுத்து, ஒரு வரையறை. மண்டலத்தின் மையத்திலிருந்து பீறிட்டுக் கிளம்பும் ஒடுங்கிய ஓட்டத்துக்குத் ‘தாரை’ என்று பெயர். கருந்துளையைச் சுற்றி விழும் பொருளிலிருந்து பிறந்து, ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் வெளியே பாய்கிறது. அதிலுள்ள எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலைகளை உமிழ்கின்றன. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 27 கிண்ணங்களைக் கொண்ட பேரணித் தொலைநோக்கி 1980இல் முழுமை பெற்றபின் தாரைகள் மளமளவென்று பிடிபட்டன. 1984இல் பிரிடில், பெர்லி ஆகிய இருவர் அதுவரை தெரிந்த 125 தாரை மூலங்களை ஒன்று திரட்டி நீண்ட மதிப்புரை எழுதினார்கள். இந்தத் துறையில் இறங்கும் மாணவர் இன்றும் அதைத்தான் முதலில் எடுக்கிறார்.

அதில் தாரைக்கு மூன்று நிபந்தனைகள். அகலத்தைப் போல் குறைந்தது நான்கு மடங்கு நீளம் வேண்டும். சுற்றியுள்ள பரப்பிலிருந்து பிரித்தறியத்தக்கதாக இருக்கவேண்டும். மையத்தின் அருகில் அந்த மையத்தை நோக்கியே அமைந்திருக்கவேண்டும். இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்றால், அன்று எந்தத் திட்டையும் தாரை என்று சொல்லும் ஆசை பலருக்கு இருந்தது. எச்சரிக்கையான வரையறை, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் மங்கிய தாரைக்கு இது என்ன செய்கிறது என்று பாருங்கள். தாரையின் நுனி மங்கிக்கொண்டே போய்க் கருவியின் இரைச்சலில் முழுகிவிடுகிறது. எனவே நீளம் குறைவாகவே அளக்கப்படும். தொலைநோக்கியின் பார்வை கூர்மை போதாமையால் குறுகிய தாரையும் தடித்துத் தெரியும். எனவே அகலம் கூடுதலாகவே அளக்கப்படும். நீளம் குறைந்து அகலம் கூடினால் நான்கு என்ற விகிதம் எப்படித் தேறும்? அதே தாரை பத்து மடங்கு பிரகாசமாக இருந்திருந்தால் தேர்வில் வென்றிருக்கும். பொருளின் வடிவத்தைச் சோதிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் விதி, பாதியளவு பிரகாசத்தையே சோதிக்கிறது. எம் 60இன் நடுவில் உள்ள ரேடியோ உருவம் இருபுறமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு துணுக்கு. அதைத் தாரை என்று எழுத வெகு காலம் தயங்கியதற்கு இது ஒரு காரணம்.

வேடிக்கை என்னவென்றால், தாரைகள் எளிதில் தென்படுவது வலுக் குறைந்த மண்டலங்களில்தான் என்று அதே மதிப்புரை சொல்கிறது. வலு மிகுந்தவற்றில் மடல்கள் பளிச்சிடும், அவற்றுக்கு ஆற்றல் கொண்டு போகும் தாரை தெரிவது அரிது. எம் 87இலும் அதைவிட வலுக் குறைந்தவற்றிலும் தாரையே முதற்காட்சி.

ஏன் அப்படி? ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திக் காற்றில்லாத அறையில் வையுங்கள். புகை சிறிது தூரம் நூல் போல நேராக எழும். அப்புறம் நெளியும், பிறகு சுருண்டு, பக்கத்துக் காற்றை இழுத்துக்கொண்டு, பருத்துக் கலையும். மங்கிய தாரைகளின் வாழ்க்கை ஏறத்தாழ இதுவே. மீன ராசியில் உள்ள என்.ஜி.சி. 383 என்ற நீள்வட்ட மண்டலத்தின் இரு தாரைகளை லெயிங், பிரிடில் ஆகியோர் ஆராய்ந்து 2002இல் முடிவு சொன்னார்கள். இரு தாரைகளும் உண்மையில் ஒத்தவை, ஒன்று நம்மை நோக்கியும் மற்றது அப்பாலும் பாய்வதால்தான் பிரகாசம் வேறுபடுகிறது என்று வைத்துக்கொண்டு, அந்த வேறுபாட்டிலிருந்தே வேகத்தைக் கணக்கிட்டார்கள். தொடக்கத்தில் ஒளியின் வேகத்தில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு. சுமார் நாற்பதாயிரம் ஒளியாண்டு போவதற்குள் அது நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. வழியில் சுற்றியுள்ள வாயுவையும், தன் பாதையில் குறுக்கிடும் நட்சத்திரங்கள் உதிர்க்கும் வாயுவையும் தாரை வாரி ஏற்றிக்கொள்கிறது. பாரம் ஏற ஏற வேகம் தணிகிறது. தள்ளாடிய தாரையால் தொலைவில் போய் முட்டிப் பளிச்சிடும் பொட்டை உண்டாக்க முடியாது. அது தன் மண்டலத்துக்குள்ளேயோ அதன் ஓரத்திலேயோ ஆற்றலைக் கொட்டிவிடுகிறது.

அருமையான ஆராய்ச்சி. இதிலும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த மண்டலத்துக்கு இன்னொரு பெயர் 3சி 31. அதாவது, மூன்றாம் கேம்பிரிட்ஜ் பட்டியலின் 31ஆம் எண். மங்கிய தாரைகளின் இலக்கணத்தையும் பட்டியலில் இடம்பெற்ற ஒருவரைக் கொண்டே எழுதியிருக்கிறோம். அது எம் 49ஐவிட நூற்றுக்கணக்கான மடங்கு உரத்தது.

இனி விஷயத்தின் கருவுக்கு வருவோம். உரத்துப் பேசுபவன் வலியவன், முணுமுணுப்பவன் எளியவன் என்று நாம் எண்ணுகிறோம். ரேடியோ பிரகாசத்தைக் கொண்டு தாரையின் ஆற்றலைக் கணிக்கும் பழக்கம் இப்படித்தான் வந்தது. இதைக் கலைத்தவை எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகள்.

பெரிய நீள்வட்ட மண்டலங்களில் வாயுவே இல்லை என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். 1978இல் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் செயற்கைக்கோள் அவற்றில் சுமார் ஒரு கோடி டிகிரி வெப்பமுள்ள வாயு நிரம்பிக் கிடப்பதைக் காட்டியது. அவ்வளவு சூடான வாயு எக்ஸ் கதிர்களை உமிழும், உமிழ்ந்தால் குளிரும். நடுப்பகுதியில் அது குளிர்ந்துவிட எடுக்கும் காலம் பல மண்டலங்களில் நூறு கோடி ஆண்டுக்கும் குறைவு என்று கணக்கு வந்தது. மண்டலங்களின் வயதோ ஆயிரம் கோடி ஆண்டு. அப்படியானால் வாயு எப்போதோ குளிர்ந்து, சுருங்கி, புதிய நட்சத்திரங்களாகியிருக்க வேண்டும். ஆனால் நீள்வட்ட மண்டலங்களில் இளம் நட்சத்திரங்கள் மிக அரிது. கிழட்டு நட்சத்திரங்களே நிரம்பியிருக்கின்றன. அடுப்பை அணைத்துப் பல நாளாகியும் உலை ஆறவில்லை என்றால், யாரோ விறகு தள்ளுகிறார்கள் என்றுதானே பொருள்?

1999இல் விண்ணில் ஏறிய சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி விறகு தள்ளும் கையைக் காட்டிக்கொடுத்தது. (நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது அது.) எம் 84இல் ரேடியோ மடல்கள் இருக்கும் இடங்களில் வெப்ப வாயு விலகி, எக்ஸ் கதிர்ப் படத்தில் குழிகள் விழுந்திருந்தன. தாரைகள் வாயுவை ஒதுக்கித் தள்ளி, நீருக்குள் விட்ட காற்றுக் குமிழிகளைப் போன்ற வெற்றிடங்களை ஊதியிருக்கின்றன. எம் 49இலும் அத்தகைய குழிகள் உண்டு.

இங்கேதான் ஓர் அழகான அளவுகோல் கிடைத்தது. குமிழியின் கன அளவைப் படத்திலிருந்து அளக்கலாம். சுற்றியுள்ள வாயுவின் அழுத்தத்தை எக்ஸ் கதிரிலிருந்து அறியலாம். இரண்டையும் பெருக்கினால், அந்த வாயுவை ஒதுக்கித் தள்ளச் செய்த வேலை. குமிழிக்குள் அடைபட்டிருக்கும் ஆற்றலையும் சேர்த்தால் அதைப் போல் சுமார் நான்கு மடங்கு. குமிழி மிதந்து அவ்விடம் வந்து சேர எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டு, அதால் வகுத்தால் தாரையின் திறன் கைக்கு வந்துவிடும். சைக்கிள் டியூபுக்குக் காற்றடித்தவர் எவருக்கும் இந்தக் கணக்கின் உட்பொருள் விளங்கும். ரேடியோ பிரகாசம் இதில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வாறு அளந்து ரேடியோ பிரகாசத்தோடு ஒப்பிட்டபோது, இரண்டுக்கும் நிலையான விகிதமே இல்லை என்று தெரியவந்தது. சில இடங்களில் தாரையின் வேலைத் திறன் ரேடியோ உமிழ்வைப் போல் சில மடங்கு. சில இடங்களில் பல ஆயிரம் மடங்கு. பேச்சுக்குச் செலவாகும் மூச்சைக் கொண்டு ஒருவர் எவ்வளவு மூட்டை சுமப்பார் என்று கணித்த கதையாகிவிட்டது!

இதற்குச் சிறந்த சான்று என்.ஜி.சி. 5813. பத்துக் கோடி ஒளியாண்டுக்குச் சற்று அப்பால், இதுவும் கன்னி ராசித் திசையிலேயே உள்ளது. ரேடியோவில் அது பரிதாபமான மூலம். 1400 மெகாஹெர்ட்ஸில் ஐம்பதில் ஒரு பங்கு ஜான்ஸ்கி கூடத் தேறாது. பட்டியல்காரர்களின் கண்ணில் அது தூசி. ஆனால் சந்திரா அதை நெடுநேரம் உற்றுப் பார்த்தபோது, ஒரே கோட்டில் அமைந்த மூன்று ஜோடிக் குழிகளும், அவற்றைச் சூழ மூன்று அதிர்ச்சி அலை முகப்புகளும் தெரிந்தன. மையக் கருந்துளை மூன்று முறை, இடைவெளி விட்டு, விழித்திருக்கிறது. ஒவ்வொரு முறை எழுந்த அதிர்ச்சி அலையும் வாயுவைச் சூடாக்கியிருக்கிறது. அந்தச் சூடு, வாயு இழக்கும் வெப்பத்தை ஈடுகட்டப் போதும் என்று ஆராய்ந்தவர்கள் 2011இல் எழுதினார்கள். பக்கத்தில் நின்றாலும் காதில் விழாத குரல், ஒரு மண்டலம் முழுவதன் நட்சத்திர உற்பத்தியையும் நிறுத்தி வைத்திருக்கிறது. ‘ஓய்ந்துபோனது’ என்று நம் கட்டுரைகள் எழுதுவது இதைத்தான்.

இத்தகையவை எத்தனை? 2019இல் வெளியான இரண்டு வேலைகளைக் குறிப்பிட வேண்டும். நெதர்லாந்தை மையமாகக் கொண்டு ஐரோப்பாவில் பரந்திருக்கும் லோஃபார் தொலைநோக்கி, 150 மெகாஹெர்ட்ஸ் அளவில் வானத்தைத் துருவியது. சூரியனைப் போல் பத்தாயிரம் கோடி மடங்குக்கு மேல் நட்சத்திரப் பொருள் கொண்ட மண்டலங்கள் எல்லாமே ரேடியோவில் ஏதோ ஓர் அளவுக்கு மேல் உமிழ்ந்துகொண்டே இருக்கின்றன என்பது முடிவு. பெரும் மண்டலங்களின் விளக்கு ஒருபோதும் அணைவதில்லை. இரண்டாவது வேலை நம் நாட்டுத் தொலைநோக்கி கொண்டு செய்தது. புணேக்கு வடக்கே கோடத் என்னும் ஊரருகே 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது கிண்ணங்களோடு நிற்கும் பேரலைத் தொலைநோக்கியால், சுமார் 26 கோடி ஒளியாண்டுக்குள் உள்ள 53 மண்டலக் குழுக்களை ஆராய்ந்தார்கள். குழுவின் நடுநாயகமான நீள்வட்ட மண்டலங்களில் 46 ரேடியோவில் ஒலித்தன.

இங்கே எதிர்த்தரப்புக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரேடியோ வருகிறது என்றதும் தாரை இருக்கிறது என்று துள்ளிக் குதிப்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அந்த 53இல் தாரை என்று வரைபடத்தில் காட்டத்தக்கது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில்தான். மற்றவற்றில் பெரும்பாலானவை புள்ளிகள். மிக மங்கிய உமிழ்வில் இளம் நட்சத்திரங்களுக்கும் வெடித்த நட்சத்திரங்களின் மிச்சங்களுக்கும் பங்கு இருக்கக்கூடும். நீள்வட்ட மண்டலங்களில் அப்பங்கு சிறிது என்றாலும், இல்லை என்று தள்ள முடியாது. புள்ளிக்குள் தாரை இருக்கிறதா என்பதைக் கூர்மையான பார்வையால் ஒவ்வொன்றாகத்தான் தீர்க்கவேண்டும். பழைய தவறுக்குப் பரிகாரம் புதிய தவறாகாது.

கருவியும் ஒருதலைப்பட்சம் உடையதே. காலம் செல்லச் செல்ல, வேகமான எலெக்ட்ரான்கள் முதலில் ஆற்றலை இழக்கின்றன. உயர்ந்த அதிர்வெண்களில் உமிழ்வு முதலில் அணைகிறது. பழைய விழிப்பின் எச்சம் தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் மிஞ்சியிருக்கும். என்.ஜி.சி. 5044 என்ற மண்டலத்தை அதே கோடத் தொலைநோக்கியால் 610 மெகாஹெர்ட்ஸில் பார்த்தால் ஓர் உருவம். 235இல் பார்த்தால், வளைந்து நெடுந்தூரம் பரவிய வேறோர் உருவம். இரண்டும் ஒரே மண்டலம் என்று நம்புவதே கடினம். ஆகவே ‘தாரை இல்லை’ என்று எங்கேனும் படித்தால், எந்த அதிர்வெண்ணில் இல்லை என்று கேளுங்கள்.

வரம்பு கட்டாமல் மூலங்களைப் பொறுக்க ஒரு வழி உண்டு என்பதை உதகமண்டலம் முன்பே காட்டியிருக்கிறது. அங்கே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கோவிந்த் ஸ்வரூப் எழுப்பிய ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் இயங்குகிறது. சந்திரன் ஒரு மூலத்தை மறைக்கும் கணத்தில் அலையின் ஏற்ற இறக்கத்தைப் பதிந்து, அம்மூலத்தின் நுண்ணிய உருவத்தைக் கண்டார்கள். சந்திரன் தன் பாதையில் குறுக்கிடுவது எதுவானாலும் மறைக்கும். அதற்குக் கேம்பிரிட்ஜ் எண் இருக்கிறதா என்று பார்க்காது. அதனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மங்கிய மூலங்களின் உருவ அளவு கிடைத்தது. அவை பெரும்பாலும் மிகத் தொலைவிலுள்ளவை, நாம் பேசும் அண்டைவீட்டுக்காரர்கள் அல்ல. முறை மட்டும் நினைவில் வைக்கத்தக்கது.

கடைசியாக, படங்களைப் பற்றி ஒரு புகார். எம் 87இன் தாரையை அச்சிடும்போது சிவப்பும் மஞ்சளுமாக வண்ணம் ஏற்றுகிறார்கள். ரேடியோ அலைக்கு நிறம் கிடையாது. அது வரைந்தவர் தேர்ந்தது. அதில் தவறில்லை. அடுத்த பக்கத்தில் எம் 49இன் படத்தைப் போட நேர்ந்தால் அதற்கும் அதே சிவப்பும் மஞ்சளும் ஏறும், ஏனெனில் ஒவ்வொரு படத்திலும் மிகப் பிரகாசமான இடத்துக்கு ஒரே நிறத்தைக் கொடுப்பது வழக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும் மாணவர், ஆயிரம் மடங்கு வேறுபாட்டை எப்படி உணர்வார்? படத்தின் ஓரத்தில் நிறத்துக்கான அளவுக்கோடு ஒன்றும், தொலைவை ஒளியாண்டில் காட்டும் சிறு கோடு ஒன்றும் இருந்தால் போதும். நம் பத்திரிகைகளில் முதலில் வெட்டப்படுவது இந்த இரண்டு கோடுகள்தான். இரண்டு படங்களையும் ஒரே அளவுகோலில் அச்சிட்டால், எம் 49இன் சதுரம் முழுக்கக் கறுப்பாக இருக்கும். ஒரு முறையாவது அப்படி அச்சிட்டு, அந்தக் கறுப்புக்குள் என்ன நடக்கிறது என்று கீழே நாலு வரி எழுதிப் பார்க்கலாம்.